நொதியங்களின் நாளியல் தாளம்

நொதியங்களின் நாளியல் தாளம் என்பது விலங்குகளின் உடலுறுப்புகளில் உள்ள நொதியங்களின் செயற்பாடு ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சீராகக் கூடியும் குறைந்தும் வரும் நிகழ்வைக் குறிக்கும். கல்லீரல், சிறுகுடல், மூளை, கூம்புச் சுரப்பி, தசை, குருதி ஆகியவற்றில் உள்ள பல நொதியங்கள் நாள் முழுவதும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவேளையும் ஒரு தாழ்வேளையும் உண்டு. இத்தாளம் சர்க்காடியன் தாளம் எனப்படும் பொதுவான உயிரியல் நிகழ்வின் ஒரு பகுதியாகும். இதனை இயக்குவது உயிரணுக்களுக்குள் அமைந்த உயிரியல் கடிகாரமாகும். எனினும் ஒளி, உணவு, வெப்பநிலை ஆகிய புறக்காரணிகளும் இதில் பங்கு கொள்கின்றன.

இத்தாளத்தைக் கருத்திற் கொள்ளாது செய்யப்படும் ஆய்வுக்கூட அளவீடுகள் பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லக்கூடும். ஒரே அளவு மருந்து காலையில் ஒரு விளைவையும் இரவில் வேறொரு விளைவையும் தரக்கூடும். எனவே இத்துறை உயிர்வேதியியல், மருந்தியல், விலங்கியல் ஆகிய மூன்றுக்கும் பொதுவானதாகக் கருதப்படுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

நாளியல் தாளம் ஒன்றை விவரிக்க மூன்று அளவுகள் பயன்படுகின்றன.

* அலைவு காலம்: ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சம் வரையுள்ள நேரம்.
* வீச்சு: சராசரி மதிப்பிலிருந்து உச்சம் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பது.
* கட்டம்: உச்சம் நாளின் எந்த வேளையில் அமைகிறது என்பது.

ஒரு விலங்கைத் தொடர்ந்து இருளில், மாறாத வெப்பநிலையில், நேரத்தை அறிவிக்கும் குறிப்புகள் ஏதுமின்றி வைத்தாலும் அதன் தாளம் நின்றுவிடுவதில்லை. ஆனால் அலைவு காலம் துல்லியமாக 24 மணி நேரமாக இராமல் சற்றுக் கூடியோ குறைந்தோ அமையும். இது தன்னோட்டம் எனப்படும். இயற்கையில் ஒவ்வொரு நாளும் விடியலும் அந்தியும் இந்தக் கடிகாரத்தைத் திருத்தி 24 மணி நேரத்துக்கு இசைவிக்கின்றன. இவ்வாறு இசைவிக்கும் புறக்குறிப்புகள் நேரச்சுட்டிகள் எனப்படுகின்றன.

ஒரு நொதியத்தின் செயற்பாடு பகலுக்கும் இரவுக்கும் இடையே மாறுபடுகிறது என்பதால் மட்டும் அதனைக் கடிகாரத்தின் விளைவு என்று கூறிவிட இயலாது. உணவு உண்டதனாலோ, உடல் வெப்பம் கூடியதனாலோ, விலங்கு ஓடித்திரிந்ததனாலோ அம்மாற்றம் ஏற்பட்டிருக்கலாம். மாறாச் சூழலிலும் தொடர்ந்து நீடிக்கும் தாளமே உள்ளார்ந்த தாளம் என ஏற்கப்படுகிறது.

வரலாறு

1729 இல் பிரெஞ்சு அறிவியலாளர் சான் சாக் தி மைரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியொன்றை இருளில் வைத்தபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடிக்கொண்டதைப் பதிவு செய்தார். உயிரியல் கடிகாரம் பற்றிய முதல் சோதனையாக இது கருதப்படுகிறது. சர்க்காடியன் என்னும் சொல்லை 1959 இல் பிரான்சு ஆல்பர்க் உருவாக்கினார். இலத்தீன் மொழியில் இதற்கு "ஏறத்தாழ ஒரு நாள்" என்பது பொருள்.

நொதியங்களைப் பொறுத்தவரை 1960களின் பிற்பகுதி முக்கியமானது. 1967 இல் ரிச்சர்டு வுர்ட்மனும் சூலியசு ஆக்செல்ராடும் எலியின் கல்லீரலில் உள்ள டைரோசின் டிரான்சமினேசு என்னும் நொதியத்தின் செயற்பாடு நாள்தோறும் ஏறி இறங்குவதை வெளியிட்டனர். 1970 இல் டேவிட் கிளைனும் சோன் வெல்லரும் எலியின் கூம்புச் சுரப்பியில் உள்ள என்-அசெட்டைல் டிரான்சுபெரேசு நொதியம் இரவில் பன்மடங்கு உயர்வதைக் கண்டறிந்தனர்.

1971 இல் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் தாளம் பிறழ்ந்த விகாரிகளைக் கண்டறிந்து, அவற்றுக்குக் காரணமான மரபணுவுக்குப் பீரியட் எனப் பெயரிட்டனர். 1972 இல் பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறு உட்கருவில் இருப்பதை இரு அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின. இவ்வுட்கரு ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்டது. 1984 இல் பீரியட் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. இதன் தொடர்ச்சியான பணிகளுக்காக செப்ரி ஆல், மைக்கேல் ரோசுபாசு, மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1998 இல் சுவிட்சர்லாந்தில் உலி சிப்ளரின் குழு, வளர்ப்புத் தட்டில் உள்ள சாதாரண எலி உயிரணுக்களிலும் கடிகாரம் இயங்குவதைக் காட்டியது. கடிகாரம் மூளைக்கு மட்டும் உரியதன்று, ஏறத்தாழ எல்லா உறுப்புகளிலும் உண்டு என்பது இதன்பின் நிறுவப்பட்டது.

இயங்கும் முறை

பாலூட்டிகளின் உயிரணுக்களில் கிளாக், பிமால்1 என்னும் இரு புரதங்கள் இணைந்து பெர், கிரை ஆகிய மரபணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் பெர், கிரை புரதங்கள் சில மணி நேரத்தில் திரண்டு, உட்கருவுக்குள் சென்று, தம்மைத் தூண்டிய கிளாக், பிமால்1 இணையையே தடுக்கின்றன. பின்னர் பெர், கிரை புரதங்கள் படிப்படியாகச் சிதைக்கப்படுகின்றன. தடை நீங்கியதும் சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. இச்சுழற்சி முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது.

கிளாக், பிமால்1 இணை தூண்டும் மரபணுக்கள் பெர், கிரை மட்டுமல்ல. நொதியங்களை உருவாக்கும் பல மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, சுண்டெலியின் புரதங்களுக்கான மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதேனும் ஓர் உறுப்பிலாவது நாளியல் தாளத்துடன் வெளிப்படுகின்றன என்றது. ஆய்வு செய்யப்பட்ட 12 உறுப்புகளில் கல்லீரலில்தான் இத்தகைய மரபணுக்கள் மிகுதியாக இருந்தன.

நொதியத்தின் தாளம் பின்வரும் படிநிலைகளில் எங்கேனும் தோன்றலாம்.

* தூது ஆர்.என்.ஏ. உருவாகும் அளவு மாறுதல்.
* புரதம் தொகுக்கப்படும் வேகமோ சிதையும் வேகமோ மாறுதல்.
* பொசுபோரேற்றம் போன்ற மாற்றங்களால் இருக்கும் நொதியமே விழிப்புற்றும் அடங்கியும் போதல்.
* நொதியத்துக்கு வேண்டிய துணைக்காரணிகளின் அளவு மாறுதல்.

சுண்டெலிக் கல்லீரலின் கரையும் புரதங்களைப் பற்றிய 2006 ஆம் ஆண்டு ஆய்வில், தாளத்துடன் மாறிய புரதங்களில் ஏறத்தாழப் பாதிக்குத் தூது ஆர்.என்.ஏ. அளவில் தாளம் காணப்படவில்லை. ஆகவே மரபணுவின் வெளிப்பாட்டை மட்டும் அளந்து நொதியத்தின் செயற்பாட்டை ஊகிக்க இயலாது.

கடிகாரத்தின் உறுப்பாகவே உள்ள நொதியங்கள்

சில நொதியங்கள் கடிகாரத்தால் ஆளப்படுவதோடு நில்லாமல் கடிகாரத்தையே ஆள்கின்றன. பெர் புரதத்தைப் பொசுபோரேற்றம் செய்து அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் கேசீன் கைனேசு இவ்வகையைச் சேர்ந்தது. 1988 இல் கண்டறியப்பட்ட ஒரு வகை வெள்ளெலிக்கு நாளின் நீளம் ஏறத்தாழ 20 மணி நேரமாகக் குறைந்திருந்தது. இந்நொதியத்தில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம் என்பது 2000 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

மற்றொரு எடுத்துக்காட்டு, நிக்கோட்டினமைடு அடினைன் டைநியூக்ளியோட்டைடு என்னும் துணைநொதியைத் தொகுக்கும் பாதையில் உள்ள நாம்ப்ட் நொதியம். இதன் மரபணுவைக் கடிகாரம் தூண்டுகிறது. அதனால் துணைநொதியின் அளவு நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அத்துணைநொதியைக் கொண்டு செயற்படும் சிர்ட்1 என்னும் நொதியம் கடிகாரப் புரதங்களின் மேல் செயற்பட்டு அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. இவ்வாறு வளர்சிதைமாற்றமும் கடிகாரமும் ஒன்றையொன்று பற்றி நிற்பதை 2009 இல் இரு ஆய்வுக்குழுக்கள் காட்டின.

மரபணு இல்லாத இடத்திலும் தாளம் உண்டு. மனிதனின் செங்குருதியணுக்களில் உட்கரு இல்லை. எனினும் அவற்றில் உள்ள பெராக்சிரெடாக்சின் என்னும் நொதியம் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்சிசனேற்றம் அடைந்து மீள்வது 2011 இல் கண்டறியப்பட்டது.

உறுப்புகளில் காணப்படும் தாளங்கள்

கூம்புச் சுரப்பி: இதில் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் உருவாகிறது. செரட்டோனினை மெலட்டோனினாக மாற்றும் பாதையில் என்-அசெட்டைல் டிரான்சுபெரேசு ஒரு முக்கியப் படியாகும். எலியில் இதன் இரவு நேரச் செயற்பாடு பகல் நேரச் செயற்பாட்டைப் போல் நூறு மடங்கு வரை உயரக்கூடும். நள்ளிரவில் விளக்கேற்றினால் அது சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். பகலில் விழித்திருக்கும் விலங்காயினும் இரவில் விழித்திருக்கும் விலங்காயினும் மெலட்டோனின் இரவிலேயே மிகுகிறது. எனவே மெலட்டோனின் உறக்கத்தின் அடையாளம் அன்று, இருளின் அடையாளம் என்று கூறுவதே பொருந்தும்.

கல்லீரல்: கொலசுட்டிரால் தொகுப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் எச்.எம்.சி. கோ-ஏ ரிடக்டேசு எலியில் நள்ளிரவையொட்டி உச்சம் அடைகிறது. கொலசுட்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் பாதையின் முதல் நொதியமும் நாளியல் தாளம் உடையது. நச்சுப்பொருட்களையும் மருந்துகளையும் மாற்றும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த பல நொதியங்களும் அவ்வாறே.

சிறுகுடல்: சர்க்கரைகளைச் சிதைக்கும் சுக்ரேசு, மால்டேசு போன்ற நொதியங்களின் செயற்பாடு விலங்கு வழக்கமாக உண்ணும் வேளைக்கு முன்னரே உயரத் தொடங்குகிறது. உணவு வந்தபின் வேலையைத் தொடங்காமல், உணவு வரும் வேளையை எதிர்பார்த்து உறுப்பு ஆயத்தமாகிறது. நாளியல் தாளத்தால் விலங்குக்குக் கிடைக்கும் நன்மையை விளக்க இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஒளியும் உணவும்

விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட நரம்பணுக்கள் நீல ஒளிக்கு மிகுந்த உணர்வுடையவை. இவை விடியலையும் அந்தியையும் மூளையின் தலைமைக் கடிகாரத்துக்கு அறிவிக்கின்றன. தலைமைக் கடிகாரம் நரம்புகள், இயக்குநீர்கள், உடல் வெப்பநிலை, உணவு வேளை ஆகியவற்றின் வழியாக ஏனைய உறுப்புகளை ஒழுங்குபடுத்துகிறது.

ஆனால் கல்லீரலுக்கு உணவு வேளையே வலிமையான நேரச்சுட்டி. இரவில் உண்ணும் எலிக்குப் பகலில் மட்டும் உணவளித்தால் அதன் கல்லீரலின் கடிகாரம் சில நாட்களில் புதிய நேரத்துக்கு மாறிவிடுகிறது. மூளையின் கடிகாரமோ ஒளியைப் பின்பற்றிப் பழைய நேரத்திலேயே நிற்கிறது. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் இதனைக் காட்டின. ஒரே உடலில் இரு உறுப்புகள் இருவேறு நேரங்களைக் காட்டும் இந்நிலை இரவுப்பணி செய்வோரின் உடல்நலச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

மேலே கூறப்பட்ட டைரோசின் டிரான்சமினேசு இங்கு மீண்டும் நோக்கத்தக்கது. புரதம் இல்லாத உணவு கொடுக்கப்பட்ட எலிகளில் இந்நொதியத்தின் தாளம் மறைந்துவிடுவதை 1968 இல் வுர்ட்மன் குழுவினர் கண்டனர். உணவிலுள்ள அமினோ அமிலங்கள் நாள்தோறும் குறித்த வேளையில் கல்லீரலை வந்தடைவதே இத்தாளத்துக்கு முதன்மைக் காரணம் என்பது இதனால் புலப்பட்டது. ஒரு தாளத்தைக் கண்டவுடன் அதனைக் கடிகாரத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதற்கு இது சான்றாகும்.

வெப்பநிலையும் சேர்வராயன் மலையும்

பாலூட்டிகளிலும் பறவைகளிலும் உடல் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. பல்லி, தவளை, தேள், பூச்சி முதலிய குளிர்குருதி உயிரினங்களில் உடல் வெப்பநிலை சூழலோடு ஏறி இறங்குகிறது. எனவே மலைப்பகுதிகளில் வாழும் இத்தகைய உயிரினங்களின் நொதியத் தாளத்தை விளக்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. சேலம் மாவட்டத்தில் உள்ள சேர்வராயன் மலையைக் கொண்டு இதனை விளக்கலாம்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையடிவாரத்தில் உள்ள சேலம் நகரைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்திருப்பதால் இங்கு வெப்பநிலை பல பாகைகள் குறைவாகும். ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய சிறு பல்லியினம் ஒன்று உண்டு. நெமாசுபிசு ஏற்காடென்சிசு எனப்படும் இவ்வினத்தை இந்திரனீல் தாசு, ஆரன் பவர் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் விவரித்தனர். வீட்டுச் சுவர்களில் இரவில் இரைதேடும் பல்லிகளைப் போலன்றி, இப்பேரினத்துப் பல்லிகள் பெரும்பாலும் பகலில் இயங்குபவை. அவற்றின் கண்பாவை வட்டமானது.

இத்தகைய ஒரு பல்லியின் உடல் வெப்பநிலை விடியற்காலையில் 15 பாகை செல்சியசாகவும் பிற்பகலில் 27 பாகை செல்சியசாகவும் இருப்பதாகக் கொள்வோம். பொதுவாக நொதிய வினைகளின் வேகம் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இரண்டிலிருந்து மூன்று மடங்காகிறது. இரண்டு மடங்கு எனக் கொண்டாலும், 12 பாகை உயர்வினால் வினைவேகம் ஏறத்தாழ 2.3 மடங்காகும். கடிகாரம் எதுவும் இல்லாமலேயே இந்தப் பல்லியின் நொதியங்கள் பிற்பகலில் உச்சமும் விடியலில் தாழ்வும் காட்டும். உண்மையான கடிகாரத் தாளம் இம்மாற்றத்தின் மேல் சேர்ந்து வரும். இரண்டையும் பிரித்தறிய, வெவ்வேறு வேளைகளில் எடுக்கப்பட்ட திசுக்களை ஆய்வுக்கூடத்தில் ஒரே வெப்பநிலையில் வைத்து அளவிட வேண்டும். அத்துடன் விலங்குகளையும் மாறா வெப்பநிலையில் சில நாட்கள் வைத்திருந்து ஒப்பிட வேண்டும்.

இங்கு ஒரு வினா எழும். நொதிய வினைகள் வெப்பத்தால் விரைவடையுமாயின், நொதியங்களால் ஆன கடிகாரம் வெயில் நாளில் விரைந்தும் குளிர் நாளில் மந்தமாகவும் ஓடாதா? அவ்வாறு ஓடுவதில்லை. உயிரியல் கடிகாரத்தின் அலைவு காலம் வெப்பநிலை மாற்றத்தால் மிகச் சிறிதளவே மாறுகிறது. இது வெப்பநிலை ஈடுசெய்தல் எனப்படும். பெர் புரதத்தின் மேல் கேசீன் கைனேசு நிகழ்த்தும் வினையின் வேகம் வெப்பநிலையால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் காட்டினர். நீலப்பச்சைப் பாசியின் மூன்று கடிகாரப் புரதங்களைச் சோதனைக் குழாயில் கலந்து 24 மணி நேரத் தாளத்தை உண்டாக்கிய 2005 ஆம் ஆண்டுச் சோதனையிலும் இப்பண்பு காணப்பட்டது.

ஏற்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்கும் சற்றுக் குறைவான அகலாங்கில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 80 நிமிடங்களே. ஐரோப்பாவின் வடபகுதிகளில் இது பல மணி நேரமாகும். ஆகவே தமிழ்நாட்டு விலங்குகளின் கடிகாரத்துக்கு விடியலும் அந்தியும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் கிடைக்கின்றன.

சேர்வராயன் மலையின் முக்கியப் பயிரான காப்பியும் இத்துறையோடு தொடர்புடையது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பியில் உள்ள காபீனைச் சிதைப்பது கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதியங்களுள் ஒன்று. காபீன் கடிகாரத்தையும் பாதிக்கிறது. உறங்கும் வேளைக்கு 3 மணி நேரம் முன்பு உட்கொள்ளப்பட்ட காபீன், மனிதரில் மெலட்டோனின் தாளத்தை ஏறத்தாழ 40 நிமிடங்கள் பின்தள்ளுவதை 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது.

தென்னிந்திய ஆய்வுகள்

நொதியங்களின் நாளியல் தாளம் பற்றிய தொடக்க கால ஆய்வுகள் சில தென்னிந்தியாவிலேயே நடந்தன. திருப்பதி சிறீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் கே. பம்பாபதி ராவின் ஊக்கத்தால் 1960களில் தேள்கள் ஆராயப்பட்டன. அக்கால ஆய்வுகளில் எட்டெரோமெட்ரசு புல்விப்பெசு என்று குறிக்கப்பட்ட இத்தேள் இரவில் இயங்குவது. இதன் வெவ்வேறு தசைகளில் டீஐதரோசனேசு நொதியங்களின் செயற்பாடு நாளின் வேளைக்கேற்ப மாறுவது 1967 இலும், வயிற்றுப்புற நரம்பு வடத்தில் கோலின் எசுத்தரேசு நொதியத்தின் தாளம் 1968 இலும் வெளியிடப்பட்டன. இரவு விலங்கொன்றின் ஓட்டத்துக்கும் அதன் தசை, நரம்பு ஆகியவற்றின் வேதியியலுக்கும் உள்ள தொடர்பை இவை எடுத்துக்காட்டின.

இந்தியாவில் காலவுயிரியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் எம். கே. சந்திரசேகரன் (1937-2009). இவர் முதலில் சென்னைக் கடற்கரையின் மணல் நண்டுகளில் கடல் ஏற்றவற்றத்தையும் நாளையும் ஒட்டிய தாளங்களை ஆராய்ந்தார். பின்னர் செருமனியில் எர்வின் பியூனிங்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1970களின் நடுப்பகுதியிலிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென ஓர் ஆய்வுக்குழுவை வளர்த்தெடுத்தார். பூச்சியுண்ணும் வௌவால்கள், வயல் சுண்டெலிகள், அணில்கள் ஆகியவை இங்கு ஆராயப்பட்டன. புறவுலகின் நேரம் தெரியாதவாறு மனிதர்கள் தங்கியிருக்கும் தனிமை அறையும் அமைக்கப்பட்டிருந்தது.

இருண்ட குகையில் வாழும் வௌவால்கள் வெளியே பொழுது சாய்ந்ததை எவ்வாறு அறிகின்றன என்பது மதுரைக் குழு எடுத்துக்கொண்ட வினாக்களுள் ஒன்று. கூண்டிலடைக்கப்பட்ட வௌவால், தன் இனக்கூட்டம் வாழும் குகையில் இருந்தபோது அக்கூட்டத்தின் வேளையோடு ஒத்து இயங்கியது. வௌவால்கள் இல்லாத குகையில் தனித்து விடப்பட்டபோது அதன் தாளம் 24 மணி நேரத்திலிருந்து விலகித் தன்னோட்டமாயிற்று. ஒளி, உணவு ஆகியவற்றோடு கூட்டாளிகளின் நடமாட்டமும் நேரச்சுட்டியாக அமையக்கூடும் என்பதை 1978 முதல் வெளியான இக்கட்டுரைகள் காட்டின.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் 2000களில் எலிகளின் கொழுப்புப் பெராக்சிடேற்ற விளைபொருட்கள், எதிர் ஆக்சிசனேற்றிகள் ஆகியவற்றின் நாளியல் தாளங்கள் அளவிடப்பட்டன. உணவில் சுவையூட்டியாகச் சேர்க்கப்படும் மோனோசோடியம் குளூட்டமேட்டு இத்தாளங்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதும் ஆராயப்பட்டது.

அளவிடும் முறையும் நேரக்கூடிய பிழைகளும்

வழக்கமான சோதனையில் விலங்குகள் 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் கொண்ட அறையில் சில வாரங்கள் பழக்கப்படுத்தப்படுகின்றன. பின்னர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குழுவிலிருந்து திசு எடுக்கப்படுகிறது. இவ்வாறு ஒரு நாளுக்கு ஆறு அளவீடுகள் கிடைக்கின்றன. பழந்தமிழ் இலக்கண மரபு நாளை மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனப் பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்ததும் இதே அளவினதாகும். ஒரு நாழிகை 24 நிமிடமாதலால் பத்து நாழிகை 4 மணி நேரமாகிறது.

இருள் வேளையில் திசு எடுக்கும்போது வெளிச்சம் பட்டுவிடாமல் மங்கலான சிவப்பு ஒளி பயன்படுத்தப்படுகிறது. எடுத்த திசு உடனடியாக உறைய வைக்கப்படுகிறது. கிடைத்த அளவுகளுக்கு 24 மணி நேர அலைவளைவு ஒன்று பொருத்தப்பட்டு உச்சவேளையும் வீச்சும் கணக்கிடப்படுகின்றன. ஆல்பர்க் உருவாக்கிய இம்முறை கோசைனர் பகுப்பாய்வு எனப்படும்.

ஒரே வேளையில் மட்டும் அளவிடுவதால் விளையும் பிழையைப் பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு நொதியத்தின் செயற்பாடு இரவு 10 மணிக்கு 40 அலகாகவும் காலை 10 மணிக்கு 10 அலகாகவும் உள்ளது. ஒரு மருந்து இத்தாளத்தின் உயரத்தை மாற்றாமல் உச்சவேளையை மட்டும் 4 மணி நேரம் பின்தள்ளுகிறது. காலை 10 மணிக்கு மட்டும் அளக்கும் மாணவர், மருந்து பெற்ற குழுவில் 17 அல்லது 18 அலகைக் காண்பார். மருந்து நொதியத்தை ஏறத்தாழ 75 விழுக்காடு உயர்த்தியது என்று அவர் எழுதுவார். மாலை 6 மணிக்கு அளக்கும் வேறொரு மாணவர், மருந்தில்லாக் குழுவில் 32 அலகும் மருந்து பெற்ற குழுவில் 17 அல்லது 18 அலகும் கண்டு, மருந்து நொதியத்தைக் குறைத்தது என்று எழுதுவார். இருவர் அளவீடும் சரியே, இருவர் முடிவும் தவறே. நாள் சராசரியை மருந்து மாற்றவில்லை, வேளையை மட்டுமே மாற்றியது.

சோதனைக் குழாயில் பெறப்படும் அளவு உடலுக்குள் நிகழும் வினைவேகத்துக்குச் சமமன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வினைபடு பொருள் தாராளமாகவும் வெப்பநிலை நிலையாகவும் வைக்கப்படுகின்றன. எனவே கிடைக்கும் எண் அந்நொதியத்தின் உச்ச ஆற்றலையே குறிக்கும். உடலுக்குள் வினைபடு பொருளும் துணைக்காரணிகளும் தமக்குரிய தாளங்களில் மாறிக்கொண்டிருக்கும்.

மருத்துவ முக்கியத்துவம்

மனித உடலில் கொலசுட்டிரால் தொகுப்பு இரவில் மிகுதியாக நடைபெறுகிறது. எச்.எம்.சி. கோ-ஏ ரிடக்டேசைத் தடுக்கும் சிம்வசுட்டாட்டின் போன்ற, உடலில் குறுகிய நேரமே தங்கும் மருந்துகள் மாலையில் உட்கொள்ளுமாறு பரிந்துரைக்கப்படுவது இதனாலாகும். நீண்ட நேரம் தங்கும் அட்டோர்வசுட்டாட்டின் போன்றவற்றை எவ்வேளையிலும் உட்கொள்ளலாம்.

பாராசிட்டமால் அளவுக்கு மிஞ்சினால் கல்லீரலைப் பாதிக்கும். சுண்டெலிகளில் இந்நச்சுத்தன்மை மருந்து கொடுக்கப்படும் வேளையைப் பொறுத்து மாறுகிறது. அதனை நச்சாக மாற்றும் நொதியங்களும், அந்நச்சைத் தணிக்கும் குளூட்டத்தயோனும் நாளியல் தாளம் உடையவையாக இருப்பதே காரணம். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் புளூரோயூராசில் மருந்தைச் சிதைக்கும் நொதியமும் மனிதரில் வேளைக்கேற்ப மாறுகிறது. இதனைப் பயன்படுத்தி மருந்தின் தீயவிளைவுகளைக் குறைக்கும் முயற்சிகள் காலமருத்துவம் எனப்படுகின்றன. ஆயினும் உச்சவேளை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அனைவருக்கும் பொருந்தும் ஒரே நேர அட்டவணையை வகுப்பது எளிதன்று. மருந்து உட்கொள்ளும் வேளையை மருத்துவரைக் கேளாமல் மாற்றுதல் கூடாது.

இரவுப்பணி பற்றிய அக்கறையும் இங்கிருந்தே எழுகிறது. நாளியல் தாளத்தைக் குலைக்கும் சுழல்முறைப் பணியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007 இல் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள காரணிகளின் வகையில் சேர்த்தது. 2019 இல் இரவுப்பணியை மீண்டும் ஆய்ந்து அதே வகையில் நிறுத்தியது. நள்ளிரவில் உண்ணும் தொழிலாளியின் கல்லீரல் உணவின் நேரத்தையும் மூளை ஒளியின் நேரத்தையும் பின்பற்ற முயல்கின்றன. மருத்துவமனை, தொழிற்சாலை, காவல் பணி, தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் தமிழ்நாட்டில் இரவில் பணியாற்றுவோர் பலராதலால் இது பொதுநலம் சார்ந்த செய்தியுமாகும்.

இவற்றையும் பார்க்க

* உயிரியல் கடிகாரம்
* நொதியம்
* மெலட்டோனின்
* கூம்புச் சுரப்பி
* சிறுபொழுது
* சேர்வராயன் மலை
* ஏற்காடு